அந்தச் சிவப்பு எதனால்?

அம்மா காரில் ஏறிக் கதவைச் சாத்தியதுமே மாரிட்டின் மூக்கு விழித்துக்கொண்டது.

புதினா.

ஸ்லெட்டன் பண்ணையில் புதினா மணப்பது அதிசயமே இல்லை. பால் கறந்து முடித்ததும் மடி வீங்கிய மாடுகளுக்குப் புதினாத் தைலம் தேய்ப்பார்கள். அந்த வாசனை அப்பாவின் கோட்டில் இருக்கும், டிராக்டர் ஸ்டீயரிங்கில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை தேவாலய பெஞ்சில்கூட இருக்கும். மாரிட் அதை முகர்ந்துதான் வளர்ந்தாள்.

ஆனால் பயாப்ஸி எடுத்த நாளிலிருந்து அம்மா கொட்டகைப் பக்கமே போகவில்லை. இன்று தலைக்குக் குளித்திருந்தாள். விலைச்சீட்டை இப்போதுதான் கத்தரித்த புது ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அப்பா இன்னும் பால் கறந்துகொண்டிருந்தார். வேலையை முடித்துவிட்டுத் தன் பிக்கப் வண்டியில் நேரே ஆஸ்பத்திரிக்கு வருவதாக ஏற்பாடு.

அப்படியானால் இந்த வாசனை எங்கிருந்து வருகிறது?

"அம்மா, புதினா மணக்குது."

"சூயிங் கம்."

"எங்கே, வாயைக் காட்டு."

"அம்பத்தெட்டு வயசுல நான் உனக்கு வாயைக் காட்டணுமா? ரோட்டைப் பார்த்து ஓட்டுடி."

மாரிட் ரோட்டைப் பார்த்தாள். மூக்கு மட்டும் அம்மாவிடமே இருந்தது. அந்த மூக்குதான் அவளுக்குச் சோறு போடுகிறது. பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றும் டேங்கர் வண்டி அவளுடையது. குழாயை மாட்டும் முன் பண்ணைத் தொட்டியின் மூடியைத் திறந்து முகர வேண்டும். கெட்ட வாடை அடித்தால், அது சொந்தச் சித்தப்பா வீட்டுப் பாலாக இருந்தாலும், "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்க வேண்டும். அதற்கென்று அரசாங்கம் கொடுத்த லைசென்ஸ்கூட இருக்கிறது.

"சூயிங் கம் வாய்லதான் மணக்கும், அம்மா. இது உன் ஸ்வெட்டருக்குள்ளேருந்து வருது."

அம்மா ஆர்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரோட்டோரத்தில் போன மாதத்துப் பனி கறுத்துப்போய்க் கிடந்தது. மேப்பிள் மரங்களில் சாறு பிடிக்கும் வாளிகள் தொங்கின. பார்க்க வேண்டிய காட்சிகளே அல்ல. ஆனாலும் பார்த்தாள்.

சென்ற வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. குளிர் காலத்தில் ஆர்லிஸின் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பிறகு தோல் சிவந்தது. ஊர் கிளினிக்கில் கிருமித் தொற்று என்று மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. ஆற்றங்கரை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய். அது வேறெங்கும் போயிருக்கிறதா என்று அறிய உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அதற்கான பதில் இன்றைக்கு. என்ன சிகிச்சை என்ற முடிவும் இன்றைக்கு.

"ஃப்ரீஸர்ல இனி ஒரு ஐஸ் கட்டிக்குக்கூட இடமில்ல, தெரியுமா?" என்றாள் ஆர்லிஸ், பேச்சை மாற்றி. "சர்ச்சுப் பெண்கள் ஆளுக்கொரு தட்டு, உருளைக்கிழங்கும் கறியும் வச்சு ஹாட்டிஷ் சுட்டுக் கொண்டாந்துட்டாங்க. டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே எனக்கு என்ன வியாதின்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்க."

"ஹாட்டிஷ்ல புதினா போட மாட்டாங்க."

"விடவே மாட்டியா நீ?"

"மாட்டேன்."

ஆஸ்பத்திரிக் கார் நிறுத்தத்தின் மூன்றாவது தளத்தில் மாரிட் எஞ்சினை அணைத்தாள். கதவைத் திறக்கவில்லை. ஆர்லிஸ் கைப்பையின் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"உங்கப்பாதான்" என்றாள் கடைசியில்.

"அப்பா என்ன?"

"காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மாடு கறந்து முடிச்சதும் அங்கயே வெந்நீர்ல துண்டை நனைச்சு, வாளியில போட்டு மூடி எடுத்துட்டு வருவான். படுக்கையறை வாசல்ல நின்னு கதவைத் தட்டுவான், யாரோ அந்நியர் வீட்டுக்கு வந்த மாதிரி. துண்டை முதல்ல தன் கன்னத்துல வச்சுச் சூடு பார்ப்பான். அப்புறம் எனக்கு ஒத்தடம். அப்புறம் அந்தத் தைலம்."

"மாட்டுத் தைலம்."

"மாட்டுத் தைலம்தான். ஆரம்பத்துல நாங்க அதை மடி வீக்கம் மாதிரிதான் நினைச்சோம். சூடு, சிவப்பு, கல்லு மாதிரி ஒரு இடம். கிளாடிஸுக்கு வந்தப்போ இப்படித்தானே இருந்துச்சு? அவளுக்கு நாலே வேளையில சரியாச்சு."

"கிளாடிஸ் மாடும்மா."

"தெரியும். நான்தான் அவளுக்குப் பேர் வச்சேன்."

மாரிட்டுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "சரி, டாக்டர்கிட்ட சொன்னியா?"

ஆர்லிஸ் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்.

"அம்மா!"

"கேட்டாங்க. ஏதாவது தடவுறீங்களான்னு. இல்லைன்னு சொல்லிட்டேன். உங்கப்பா அப்போ வண்டி நிறுத்த இடம் தேடிட்டிருந்தான். வந்தப்புறம் அவன்கிட்ட, டாக்டர் தாராளமாத் தடவச் சொல்லிட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

"ரெண்டு பக்கமும் பொய்யா! ஏம்மா?"

ஆர்லிஸ் மகளை நேராகப் பார்த்தாள்.

"உங்கப்பா என்கிட்ட ஆசையா ஒரு வார்த்தை பேசி நீ கேட்டிருக்கியா? கல்யாண நாளுக்கு எனக்குப் பனி வாரற மண்வெட்டி வாங்கிக் கொடுத்த ஆளு. இந்த வியாதியில அவனால செய்ய முடிஞ்சது எதுவுமே இல்ல. நான் ஸ்கேனுக்குள்ள போறப்போ கதவுக்கு வெளியில தொப்பியைச் சுத்திச் சுத்திக் கிழிச்சிட்டான். இந்த ஒண்ணுதான் அவன் கையால எனக்குச் செய்றான். ஒருவேளை டாக்டர் முகத்தைச் சுளிச்சு, மாட்டுக்குப் போடறதைப் பொண்டாட்டிக்குப் போட்டீங்களான்னு கேட்டா, அவன் உயிரோட இருக்க மாட்டான், மாரிட். நீ வாயைத் திறக்கக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணு."

மாரிட் சத்தியம் செய்யவில்லை. செய்யமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இறங்கி வந்து அம்மாவின் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

காத்திருக்கும் அறையில் அப்பா டுவேன் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, ஈரத்தலை, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை.

"அது என்ன?" என்றாள் ஆர்லிஸ்.

"சீஸ் கர்ட், பாலாடைக்கட்டித் துண்டு. காலைல போட்டது. டாக்டர் வீட்டுக்கு வெறுங்கையோட போறதான்னு..."

"இது டாக்டர் வீடு இல்ல, டுவேன்."

"அவங்களும் சாப்பிடற ஆளுதானே?"

டாக்டர் ஷியோங்கின் அறையில் மூன்று நாற்காலிகள். டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும். லாவோஸிலிருந்து வந்து குடியேறிய ஹ்மோங் குடும்பம், அதே நகரத்தில் பிறந்து வளர்ந்தவர். பையை வாங்கி ஒரு துண்டை வாயில் போட்டுக் கடித்தார். பல்லுக்கு நடுவில் கீச்சென்றது.

"சத்தம் போடுது. இன்னிக்குப் போட்டதேதான்" என்றார். டுவேனின் முகம் மலர்ந்துவிட்டது.

பிறகு டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு, தன் நாற்காலியை ஆர்லிஸுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முதல்ல நல்ல செய்தி. எலும்பு, கல்லீரல், நுரையீரல் எல்லாம் சுத்தம். நோய் தூரமா எங்கேயும் போகல."

யாரோ பெருமூச்சு விட்டார்கள். மூன்று பேருமே என்று பிறகுதான் தெரிந்தது.

"கட்டி பெரிசில்ல. அக்குள்ல ஒரே ஒரு நெறியில மட்டும் இருக்கு. சதையைச் சோதிச்சதுல, இந்தக் கட்டி உங்க உடம்புல ஊறுற ஹார்மோனைத் தின்னு வளருதுன்னு தெரியுது. அதுவும் நமக்குச் சாதகம்தான். அந்தத் தீனியை நிறுத்த மாத்திரை இருக்கு."

"அப்போ வெட்டி எடுத்துடுங்க" என்றாள் ஆர்லிஸ். "நாளைக்கே வேணும்னாலும் வரேன்."

டாக்டர் தலையசைத்து மறுத்தார்.

"அங்கேதான் சிக்கல். நீங்க வெறும் கட்டியோட வந்திருந்தா அதைத்தான் செஞ்சிருப்பேன். கட்டியையும் சுத்தி கொஞ்சம் சதையையும் எடுத்துட்டு, மார்பைக் காப்பாத்தப் பார்த்திருப்பேன். ஆனா இந்தச் சிவப்பு இருக்கு பாருங்க, மார்புல மூணுல ஒரு பங்குக்கு மேல பரவியிருக்கு. சில வாரத்துல வந்திருக்கு, சூடா இருக்கு, தோல் தடிச்சிருக்கு. புற்றுநோய்ல ஒரு ரகம், தோல்ல இருக்கிற நுண்ணிய குழாய்கள்ல போய் அடைச்சுக்கும். அப்படி அடைச்சா மார்பு இப்படித்தான் சிவக்கும். அது கோபக்கார ரகம். கட்டி சின்னதா இருந்தாலும் அதை முத்தின நிலையாத்தான் கணக்கு வைப்போம். கத்தியை முதல்ல வைக்கவே கூடாது. கடுமையான கீமோ, மாசக்கணக்குல. அப்புறம் மார்பு முழுசா எடுக்கணும். அப்புறம் ரேடியேஷன். வர்ற திங்கட்கிழமை ஆரம்பிச்சிடலாம்."

மாரிட்டின் காதில் கடைசி வாக்கியங்கள் ஏறவில்லை. ஒரே ஒரு சொல்லில் அவள் நின்றுவிட்டாள். சிவப்பு.

அந்தச் சிவப்பை வைத்துத்தான் எல்லாமே. மருந்து எது, கத்தி எப்போது, அம்மாவுக்கு மார்பு இருக்குமா இருக்காதா. அந்தச் சிவப்பின் மேல் தினமும் இரண்டு வேளை வெந்நீர்த் துண்டும் புதினாத் தைலமும் விழுந்துகொண்டிருந்தது இந்த அறையில் டாக்டர் ஒருவருக்குத்தான் தெரியாது.

அவள் வாயைத் திறந்தாள். நாற்காலிக்கு அடியில் அம்மாவின் ஷூ அவள் பாதத்தை அழுத்தியது. பலமாகவே அழுத்தியது. பார்வையோ கெஞ்சியது.

ஒரு தொட்டிப் பால் சரியில்லை என்று சந்தேகம் வந்த பின்னும் முகத்துக்கு அஞ்சி வண்டியில் ஏற்றினால், வண்டியில் இருக்கும் பத்துப் பண்ணைப் பாலும் சாக்கடைக்குத்தான் போகும். அம்மாவின் பேச்சைக் கேட்டு அவள் அதைச் செய்ய முடியுமா? அப்பாவைக் கூண்டில் ஏற்றவும் மனம் வரவில்லை.

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். வானிலை விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

"அப்பா, காலைல அம்மாவுக்கு ஒத்தடம் கொடுத்தியா?"

"கொடுக்காம?" என்றார் டுவேன். "ஒரு வேளை தவறினதில்லையே. ஒத்தடம், அப்புறம் புதினாத் தைலம். டாக்டருக்குத்தான் தெரியுமே. இவங்கதானே தாராளமாத் தடவச் சொன்னாங்க."

 

டாக்டர் ஷியோங் ஆர்லிஸைப் பார்த்தார். ஆர்லிஸ் தன் புது ஸ்வெட்டரின் கைமுனையைப் பார்த்தாள். டுவேன் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. கழுத்திலிருந்து காது வரை சிவந்துகொண்டே போனார்.

"நீ சொல்லவே இல்லையா, ஆர்லிஸ்?"

"சொல்லலாம்னுதான்..."

"நான் என்னத்தைப் பண்ணி வச்சிருக்கேன்!" அவர் எழுந்துவிட்டார். தொப்பி தரையில் விழுந்தது. "டாக்டர், நான் தடவினதாலதான் இவளுக்கு இந்த..."

"உட்காருங்க, டுவேன்." டாக்டர் முகம் சுளிக்கவில்லை. குரல் மட்டும் கறாராக இருந்தது. "கட்டிக்கும் உங்க தைலத்துக்கும் சம்பந்தமே இல்ல. அது அதுபாட்டுக்கு வந்தது. மாட்டுத் தைலம் தடவிட்டு வந்த முதல் ஆளும் இவங்க இல்ல. இந்தப் பக்கத்துல பாதிப் பேர் முட்டிக்குத் தடவுறாங்க. எனக்கு இப்போ வேண்டியது ஒரே ஒரு பதில். சிவப்பு முதல்ல வந்துச்சா, தைலம் முதல்ல வந்துச்சா?"

"தைலம்" என்றார் டுவேன்.

"சிவப்பு" என்றாள் ஆர்லிஸ், அதே நொடியில்.

"என்ன சிவப்பு? நான் ஆரம்பிச்ச அன்னிக்குத் தோல் வெள்ளையாத்தான் இருந்துச்சு."

"உனக்கு எங்க தெரிஞ்சுது? முதல் நாள் நீ கண்ணை மூடிட்டுத் தடவினே."

"மரியாதைக்கு மூடினேன்."

"நமக்குக் கல்யாணமாகி, பொண்ணு பிறந்து, அவளே பால்வண்டி ஓட்டுறா. இன்னும் என்னடா மரியாதை உனக்கு?"

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாரிட்டும் சிரித்துவிட்டாள், கண்ணில் நீர் வரும்வரை. அது முழுக்கச் சிரிப்பால் வந்த நீர் அல்ல.

"ஒரு சின்ன இடம்" என்றாள் ஆர்லிஸ், இப்போது டாக்டரிடம். குரல் இறங்கியிருந்தது. "காசு அளவுக்கு ஒரு ரோஸ் நிறம். அது முதல்லயே இருந்துச்சு. இருந்த மாதிரிதான் ஞாபகம். மத்தது எல்லாம் அப்புறம் வந்தது."

"நீங்க ரெண்டு பேர் சொல்றதும் உண்மையா இருக்கலாம்" என்றார் டாக்டர். "சிவப்புல கொஞ்சம் நோயோடது, மீதி தைலத்தோடதுன்னு இருக்கலாம். மொத்தமும் தைலமா இருக்கலாம். மொத்தமும் நோயாவும் இருக்கலாம். தெரியாம நான் திட்டம் போட மாட்டேன். கீமோவுக்கான ஏற்பாடு அப்படியே இருக்கட்டும், ஆனா ஆரம்பிக்கிறதை வெள்ளிக்கிழமை சொல்றேன். இந்த நிமிஷத்திலேருந்து தைலம் கூடாது, ஒத்தடமும் கூடாது. இப்பவே தோல்ல ஒரு பொட்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்புறேன்."

"அது சுத்தமா வந்துட்டா?" என்றாள் மாரிட்.

"அது மட்டும் போதாது. நான் எடுக்கிற பொட்டுக்குப் பக்கத்துல நோய் ஒளிஞ்சிருக்கலாம். பொட்டும் சுத்தமா இருக்கணும், சிவப்பும் பின்வாங்கணும். ரெண்டும் நடந்தா, கட்டியை மட்டும் எடுக்கிறதைப் பத்தித் திரும்பவும் உட்கார்ந்து பேசலாம்." அவர் ஆர்லிஸின் முழங்கையைத் தொட்டார். "இன்னொண்ணு. அடுத்த தடவை நான் ஏதாவது கேட்டா உள்ளதைச் சொல்லுங்க. நீங்க பொய் சொன்னா, நான் உங்களை விட்டுட்டு, இல்லாத ஒருத்திக்கு வைத்தியம் பார்த்துட்டிருப்பேன்."

ஆர்லிஸ் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலத் தலையாட்டினாள்.

மருத்துவப் படுக்கையில் மரத்துப்போக ஊசி போட்டு, பென்சில் முனை அளவுக்குத் தோலைத் துளைத்து எடுத்தார்கள். பிறகு டாக்டர் ஒரு ஊதா நிற மார்க்கரால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுத்தார். வளைந்து வளைந்து ஒரு நாட்டின் வரைபடம் போல வந்தது.

"இந்தக் கோட்டை அழியாமப் பார்த்துக்குங்க. சிவப்பு உள்ளே சுருங்குதா, வெளியே தாண்டுதான்னு தினம் கவனிக்கணும். தாண்டிச்சுன்னா வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்க."

திரும்பும்போது ஆர்லிஸ் மகளின் காரில் ஏறவில்லை. "உங்கப்பாகூடப் போறேன். அந்த வண்டியில ஹீட்டர் நல்லாருக்கு" என்றாள். அந்த வண்டியின் ஹீட்டர் கெட்டுப்போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது.

மாரிட் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனாள். பிக்கப்பின் பின் கண்ணாடியில் இரண்டு தலைகள், நடுவில் எப்போதும் போல கருவிப் பெட்டி. பள்ளத்தாக்கு ரோட்டின் முதல் வளைவு தாண்டியதும் அந்தப் பெட்டி மறைந்தது. இரண்டாவது வளைவில் அம்மாவின் தலை நடு இருக்கைக்கு வந்திருந்தது. மூன்றாவது வளைவில் மாரிட் வேண்டுமென்றே பின்தங்கினாள்.

சாயங்காலம் பால் கறந்து முடிந்தது. மாரிட் யாரோ கொடுத்த ஹாட்டிஷைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். அப்பா பின்வாசலில் பூட்ஸைக் கழற்றினார். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். வழக்கமாக அந்த நேரத்தில் அவர் கையில் வாளி இருக்கும். இன்று அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் படுக்கையறை வாசலில் போய் நின்றார். கதவைத் தட்டவுமில்லை, திரும்பவுமில்லை.

"யாரது, உள்ளே வர்றதா இருந்தா வா" என்றது ஆர்லிஸின் குரல்.

"ஒண்ணும் கொண்டு வரலை, ஆர்லிஸ்."

"கொண்டு வரச் சொல்லலையே. கண்ணாடியைப் போட்டுட்டு வா. எனக்குக் குனிஞ்சு பார்த்தா மேல் பாதிதான் தெரியுது. அடியில ஓரம் தெரியல."

"மாரிட்டைக் கூப்பிடட்டுமா?"

"மாரிட் எதுக்கு? ஒரு மடி நேத்தைக்கு இன்னிக்கு வீங்கியிருக்கா வடிஞ்சிருக்கான்னு இந்த ஜில்லாவுலயே உன்னை மாதிரிப் பார்க்கிற ஆள் கிடையாது. இனிமே காலைலயும் சாயங்காலமும் நீதான் பார்த்துச் சொல்லணும். கை படக் கூடாது. கண்ணை மூடவும் கூடாது."

அப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு அப்பாவின் காலடி உள்ளே போனது. விளக்கைக் கட்டிலின் பக்கம் இழுக்கும் ஓசை கேட்டது.

மாரிட் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நடைக்கு வந்துவிட்டாள். கதவு பாதி திறந்திருந்தது. அப்பா கட்டிலோரம் முழங்காலிட்டிருந்தார். அம்மா ஒரு கையால் சட்டையை விலக்கிப் பிடித்திருந்தாள், இன்னொரு கை அவருடைய ஈரத்தலையில் இருந்தது. அவர் நிதானமாகப் பார்த்தார், கோட்டின் மேலிருந்து, பக்கவாட்டில், அடிவரை. அடியில் வந்ததும் நின்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்ன டுவேன்? உள்ளேயா, வெளியேயா?"

அவர் போர்வையை எடுத்து, ஒரு மடிப்பும் விழாமல் அவள் கழுத்துவரை போர்த்தினார். அவள் நெற்றியில் உதட்டை வைத்தார். மாரிட் தன் பிறவியில் அதைப் பார்த்ததில்லை.

"மாடு கத்துது. பார்த்துட்டு வந்துடறேன்" என்றார்.

மாரிட்டைத் தாண்டி, அவள் முகத்தைப் பார்க்காமல், பூட்ஸைக்கூட மாட்டாமல் பின்வாசல் வழியே இறங்கிப் போனார்.

மாரிட் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கொட்டகையில் ஒரு மாடும் கத்தவில்லை.